மேஸ்திரி பார்வையா, இன்ஜினியர் அறிக்கையா?

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் பழைய வீட்டுக்கு அக்ரிமெண்ட் போட்டு, அதை இன்னொருவருக்குக் கைமாற்றி விடும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது: வீட்டின் நிலையைத் தெரிந்துகொள்ள மேஸ்திரி பார்த்தால் போதுமா, இன்ஜினியரிடம் அறிக்கை வாங்க வேண்டுமா?

செலவு: மேஸ்திரிக்கு ஒரு நாள் கூலி போதும். இன்ஜினியருக்கு அதைவிடப் பல மடங்கு.

நேரம்: மேஸ்திரி அன்றைக்கே சொல்லிவிடுவார். அறிக்கை வரச் சில நாள் ஆகும்.

நம்பிக்கை: விஷயமே இங்கேதான். கொசப்பேட்டையில் ஒரு மெட்ராஸ் டெரஸ் வீடு (மரச்சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கூரை போட்ட பழைய வீடு). புது வெள்ளை அடித்துப் பளிச்சென்று இருந்தது. மேஸ்திரி ஐந்து ரூபாய்க் காசால் சுவரைத் தட்டினார். பீரோவுக்குப் பின்னால் மட்டும் பொத்தென்ற சத்தம். பூச்சு உள்ளே விட்டுப்போயிருந்தது. சரியாகத்தான் சொன்னார். ஆனால் வாங்க வந்தவர், "அவர் நீங்க கூட்டிவந்த ஆள்தானே சார், வேற என்னென்ன இருக்கோ?" என்று தயங்கினார். அப்புறம் அதே குறையைப் படத்தோடும் கையெழுத்தோடும் இன்ஜினியர் எழுதித் தந்ததும், விலையைக் கொஞ்சம் குறைத்துப் பேசி முடித்தார்.

வில்லங்கம், பட்டா இரண்டும் தனி வேலை; இவர்கள் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று நீங்கள் முடிவெடுக்க மேஸ்திரி போதும். கைமாற்றிவிடப் போகிறீர்களா, இன்ஜினியர்தான். அறிக்கையில் ஒரு பக்கத்தையும் மறைக்காமல் கொடுங்கள்.