சேலத்தில் பழைய தானியங்கி கியர் கார் வாங்க இருப்பவர்கள் கவனத்துக்கு: நட்சத்திர மதிப்பீட்டை நம்பி நான் ஏமாந்த விவரம்

கடந்த ஆவணியில், மூன்று ஆண்டுகள் ஓடிய ஒரு தானியங்கி கியர் (ஆட்டோமேட்டிக்) காரைச் சேலத்தில் உள்ள பழைய கார் விற்பனை நிலையம் ஒன்றில் 8,40,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஏற்காட்டில் சிறு காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கும் அப்பாவை வாரம் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விடவேண்டியிருக்கிறது. மலைப்பாதையில் கிளட்ச் மிதித்து மிதித்து என் முழங்கால் நோகத் தொடங்கியதால்தான் தானியங்கி கியர் வேண்டும் என்று தேடினேன்.

வாங்கிய ஐந்தாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடிவாரத்திலிருந்தே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதை நெருங்கும்போது தீய்ந்த வாடை வந்தது. அடுத்த நிமிடம் கியர் சூடாகிவிட்டதாக எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தியும் சக்கரம் முன்னே உருளாமல், கார் பின்னோக்கி நகரத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தபடி நான் திகைத்து உட்கார்ந்திருக்க, பின்னால் வந்த பேருந்தின் நடத்துநர் இறங்கி ஓடிவந்து, ஓரத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். பக்கத்து இருக்கையில் இருந்த அப்பா ஒன்றும் பேசாமல் கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருந்த கையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

வண்டியைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் விளக்கியது இதுதான். இந்தக் காரில் இருப்பது உலர்வகை இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. குளிர்விக்க எண்ணெய் இல்லாததால், ஏற்றத்தில் நெரிசலோடு நெரிசலாக ஊர்ந்து போகும்போது கிளட்ச் தட்டு பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் உராய்ந்து சூடேறுகிறது. ஓர் அளவைத் தாண்டினால் காரின் கணினியே கிளட்சை விடுவித்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் இந்தக் குறை எட்டிக்கூடப் பார்க்காது. என் வண்டியில் தட்டு ஏற்கெனவே பெருமளவு தேய்ந்திருந்தது. மாற்ற 85,000 ரூபாய். விற்பனை நிலையம் கொடுத்த ஓராண்டு உத்தரவாதத்தில் கிளட்ச் தேய்மானப் பொருள் என்று விலக்கப்பட்டிருந்தது. கையெழுத்திடும்போது அந்த வரியை நான் படிக்கவில்லை. “வாங்கறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க” என்றார் மெக்கானிக்.

ஆனால் நான் விசாரிக்காமல் வாங்கவில்லை. இரண்டு மாதம் இரவெல்லாம் காணொளிகளும் மதிப்பீடுகளும் பார்த்தேன். எனக்கு மிகவும் நம்பிக்கை ஏற்படுத்திய காணொளியில், அதே மாடலை உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் ஓட்டி, கியர் மாறுவதே தெரியவில்லை என்று ஒருவர் புகழ்ந்தார். பழுதான பின் அதை மறுபடி பார்த்தபோதுதான், கீழே நான் வாங்கிய அதே நிலையத்தின் தொலைபேசி எண்ணும் தள்ளுபடிக் குறியீடும் இருந்ததைக் கவனித்தேன். பணம் பெற்றுச் செய்த விளம்பரம் என்று எங்கும் சொல்லவில்லை. விற்பவருக்கும் பரிந்துரைப்பவருக்கும் இடையே பண உறவு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களே கூறுகின்றன.

மதிப்பீட்டுத் தளம் ஒன்றில் உரிமையாளர்கள் எழுதியவையும் நம்பத்தக்கவையாக இல்லை. நான்கரை நட்சத்திரம் என்ற சராசரியை மட்டும் பார்த்தேனே தவிர, ஒவ்வொன்றையும் எழுதியவர் எத்தனை கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார் என்று பார்க்கவில்லை. பிறகு பொறுமையாக உட்கார்ந்து படித்தபோது, பெரும்பாலானவை வண்டி எடுத்த முதல் மாதத்திலேயே எழுதப்பட்டவை என்பது தெரிந்தது. பூசை போட்ட எலுமிச்சை காய்வதற்குள் எழுதியதில் கிளட்ச் எத்தனை காலம் உழைக்கும் என்று எப்படித் தெரியும்? அமெரிக்காவில் ஜே.டி. பவர் என்ற கருத்தாய்வு நிறுவனம் நடத்தும் உழைப்புத்தன்மை ஆய்வில், மூன்று ஆண்டுகள் வைத்திருக்கும் முதல் உரிமையாளர்களிடம்தான் பழுதுகளைக் கேட்டு, நூறு வண்டிக்கு இத்தனை என்று கணக்கிடுகிறார்கள். 1936-இல் அங்கே தொடங்கிய கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு சோதனைக்கான கார்களைத் தன் பணத்திலேயே வாங்குகிறது. இவை அங்கே விற்கும் வண்டிகளுக்கானவை. ஒரே பெயர் இருந்தாலும் இங்கு வரும் என்ஜினும் கியர்பாக்ஸும் வேறாக இருக்கலாம் என்பதால் நேராக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி எது என்பதை அவை காட்டுகின்றன.

“அஞ்சு ஸ்டார் வண்டிங்க, கண்ண மூடிட்டு எடுக்கலாம்” என்று விற்பனையாளர் சொன்னதையும் நான் தவறாகப் புரிந்துகொண்டேன். குளோபல் என்கேப், 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் ஆகிய கார் பாதுகாப்புச் சோதனைத் திட்டங்கள் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரைத் தடுப்பில் மோதவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று அளந்து நட்சத்திரம் தருகின்றன. அது மிகவும் முக்கியமான அளவுதான். ஆனால் கியர்பாக்ஸ் பழுதாகுமா என்பதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இப்போது தெரிந்தவர்கள் கேட்டால், ஏற்காட்டு டாக்ஸி ஓட்டுநர்களிடம் முதலில் போய்ப் பேசுங்கள் என்கிறேன். நான் அங்கே அரை மணி நேரம் நின்றதில், அந்த மாடலைப் பற்றி இரண்டு மாதக் காணொளிகள் சொல்லாததைத் தெரிந்துகொண்டேன். அடுத்து, சோதனை ஓட்டம் மலை ஏறாமல், சேலத்துக்குள் கோரிமேட்டைச் சுற்றியே முடியக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் குறைந்தது ஐந்தாறு வளைவாவது ஏறிப் பார்க்கவேண்டும், மறுத்தால் வந்துவிடவேண்டும். மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகன் எத்தனையாவது உரிமையாளர், கடன் உண்டா என்பதைக் காட்டும். பழுது வரலாற்றைக் காட்டாது. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தின் பதிவுகளை விற்பவரிடம் கேட்டு வாங்கி, சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கை, காரின் கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனருடன் அழைத்துச் செல்லுங்கள்.

நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். விற்பனை நிலையம் அசையாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து முதல் பத்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். அதே மதிப்பீட்டுத் தளத்தில், ஓட்டிய கிலோமீட்டர், ஏறிய மலைப்பாதை, செலவான 85,000 ரூபாய் எல்லாவற்றையும் குறிப்பிட்டு என் மதிப்பீட்டையும் எழுதி அனுப்பினேன். இருபத்து மூன்று நாட்களாகியும் அது பரிசீலனையில் இருப்பதாகவே காட்டுவதால், அதையே இங்கே விரிவாக எழுதியிருக்கிறேன்.