கதவிடுக்கில் விரல், ஜன்னலோரம் குழந்தை: எந்தத் தடுப்பு எதற்கு உதவும்?

கதவு, ஜன்னல் விபத்துகளைத் தடுப்பதற்கென விற்கப்படும் சாதனங்கள் பலவும் ‘குழந்தைப் பாதுகாப்பு’ என்ற ஒரே பெயரைத் தாங்கி வருவதால், ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டால் மற்றொன்று தேவையில்லை என்று தோன்றிவிடுகிறது. ஆனால், அவை ஒவ்வொன்றும் தடுக்கும் ஆபத்து வேறு. அவற்றை எடைபோட இங்கே முதன்மையாகக் கொண்டிருக்கும் கேள்வி ஒன்றுதான்: அந்தச் சாதனம் பயன் தர வேண்டுமானால், வீட்டிலுள்ளவர்கள் நாள்தோறும் எதையேனும் நினைவில் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறதா?

முதலில் விரல் நசுங்குவதைப் பார்ப்போம். கதவில் விரல் சிக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, கைப்பிடி இருக்கும் பக்கம். மற்றொன்று, கீல் இருக்கும் பக்கம். எல்லோரும் அஞ்சுவது முதலாவதற்கு, கொடியது இரண்டாவது. கதவு ஒரு நெம்புகோல் என்பதே இதற்குக் காரணம். கீலிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி ஒருவர் 5 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் கதவைத் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கீலிலிருந்து 2 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் விரலின் மீது அதே விசை 40 மடங்காகி, 200 கிலோ எடைக்கு நிகராக இறங்கும். தள்ளியவருக்கோ ஏதோ லேசாகத் தடுக்கியதுபோல மட்டுமே தெரியும்.

இப்போது, பரவலாக வாங்கப்படும் இரண்டு தடுப்புகளை அருகருகே வைக்கலாம். முதலாவது, கதவின் ஓரத்தில் கவ்வி நிற்கும் வளைந்த பஞ்சுத் தடுப்பு. விலை குறைவு, ஆணி வேண்டாம், நொடியில் மாட்டிவிடலாம். கைப்பிடிப் பக்கத்தில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினால், கதவு நிலையில் மோதுமுன் நின்றுவிடும். அந்தப் பக்கத்து விரல் தப்பும். இரண்டாவது, கீல் பக்க இடைவெளியை மேலிருந்து கீழ்வரை மூடும் நெகிழ்பட்டை. இதைத் திருகாணியாலோ ஒட்டுநாடாவாலோ பொருத்த வேண்டும். கதவின் அழகு சற்றுக் குறையும்.

நானும் நெடுநாள் பஞ்சுத் தடுப்பே போதும் என்று எண்ணியிருந்தேன். கணக்கு அந்த எண்ணத்தை மாற்றியது. 80 சென்டிமீட்டர் அகலமும் 4 சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட கதவைப் பஞ்சுத் தடுப்பு 4 சென்டிமீட்டர் திறப்பில் நிறுத்துகிறது என்றால், அந்த நிலையில் கீல் பக்கம் எஞ்சும் இடைவெளி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். அங்கே விரல் இருந்திருந்தால், தடுப்பு வேலை செய்யுமுன்பே அது நசுங்கியிருக்கும். மேலும், பஞ்சுத் தடுப்பைப் பகலில் மாட்டவும் இரவில் கழற்றவும் நினைவு வேண்டும். கழற்றாவிட்டால் கதவு முழுதாக மூடாது. மூடிய கதவு தீயும் புகையும் பரவுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், படுக்கையறைக் கதவைப் பொறுத்தவரை அது சிறிய இழப்பன்று. நெகிழ்பட்டையோ ஒருமுறை பொருத்தியபின் யாருடைய கவனத்தையும் கேட்பதில்லை. ஆனால், கதவின் ஒரு பக்கத்துக்கு மட்டும் பட்டை வாங்கி ஒட்டிவிட்டு நிம்மதியடைவது பலர் செய்யும் தவறு. கதவு திறந்திருக்கும்போது அகன்று நிற்கும் பக்கத்து இடுக்கைத்தான் முதலில் மூட வேண்டும். ஒன்றுக்குத்தான் இடமுண்டு என்றால் என் தேர்வு பட்டையே.

காற்றில் அறைந்து சாத்தும் கதவுக்கு இவை இரண்டும் விடையாகா. தரையில் செருகும் ஆப்பு எளிது, ஆனால் கால் பட்டால் நழுவும், இருட்டில் இடறிவிடும், எங்கேனும் தொலைந்தும் போகும். சுவரிலோ தரையிலோ பதிக்கும் காந்தப் பிடிப்பான் கதவைத் திறந்த நிலையில் உறுதியாக நிறுத்தும். கதவைக் கடைசிவரை திறந்து காந்தத்தில் ஒட்ட வைத்தால்தான் அது பயன்படும் என்பது அதன் குறை. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கி, கதவைத் தானாக மெல்ல மூடும் டோர் குளோசர் இவற்றினும் மேலானது. அதில் பொதுவாக இரண்டு திருகுகள் இருக்கும்: ஒன்று கதவு மூடிவரும் வேகத்தையும், மற்றொன்று கடைசிச் சில அங்குலங்களின் வேகத்தையும் கட்டுப்படுத்தும். பலர் முதல் திருகைச் சரிசெய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவதால், மெதுவாக வந்த கதவு கடைசியில் படீரென்று அடிக்கிறது. வெயிலில் எண்ணெய் இளகி வேகம் கூடும், குளிரில் குறையும். ஆகவே பருவம் மாறும்போது ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஊன்றுகோலுடன் நடக்கும் முதியவர் உள்ள வீட்டில், வலுவான குளோசர் பொருத்திய கதவே ஒரு தடையாகிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஜன்னலுக்கு வரும்போது ஆபத்தின் அளவே மாறிவிடுகிறது. விரல் அல்ல, உயிர். இங்கே போட்டியிடுபவை மூன்று: கம்பித் தடுப்பு, ஜன்னல் குறிப்பிட்ட அளவுக்கு மேல் திறக்காதபடி நிறுத்தும் கட்டுப்படுத்தி, கொசுவலை. மூன்றாவதைப் பட்டியலிலேயே சேர்த்திருக்கக் கூடாது. கொசுவலை பூச்சியைத் தடுக்கச் செய்தது. சாய்ந்து நிற்கும் குழந்தையின் எடையைத் தாங்காது. ஆனாலும் அது கண்ணுக்கு ஒரு தடுப்பாகத் தெரிவதால், வலை மாட்டிய ஜன்னலருகே பெரியவர்களின் கவனம் தளர்கிறது. அந்த வகையில் வலையே இல்லாத ஜன்னலைவிட அது ஏமாற்றுவது.

கட்டுப்படுத்தியின் நோக்கம், திறப்பை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்துவது. சிறு குழந்தையின் உடல் நுழைய முடியாத அளவு என்று பாதுகாப்பு விதிகளில் பரவலாக ஏற்கப்பட்டிருக்கும் எண் அது. ஜன்னலின் தோற்றம் கெடாது, பெரியவர் பூட்டை நீக்கி முழுதாகத் திறந்து துடைக்கலாம். அந்த வசதியே அதன் ஓட்டையும் ஆகிறது: புழுக்கமான மாலையில் யாரோ விடுவித்துவிட்டு, மீண்டும் மாட்ட மறந்துவிடுவார்கள். மூடும்போது தானாகவே மீண்டும் பூட்டிக்கொள்ளும் வகையாக இருந்தால் மட்டுமே அதை நம்பலாம்.

கம்பித் தடுப்புக்கு அந்த மறதி இல்லை. நியூயார்க் நகரம் 1976-இல், 10 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள குழந்தைகள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உரிமையாளர்கள் ஜன்னல் தடுப்பு பொருத்த வேண்டும் என்று விதித்தது. தாய்மாரிடம் ‘கவனமாக இருங்கள்’ என்று சொல்வதோடு நில்லாமல், பொறுப்பைக் கட்டடத்தின் மீது வைத்த விதி அது என்பதால் இங்கே நினைவுகூரத் தக்கது. கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி 10 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். படுக்கைவசக் கம்பிகள் குழந்தைக்கு ஏணியாகிவிடும் என்பதால் செங்குத்துக் கம்பிகளே ஏற்றவை. கம்பித் தடுப்பின் பெருங்குறை தீ. வாசல் பக்கம் தீப்பிடித்தால், அசையாத கம்பி அறையைக் கூண்டாக்கிவிடும். ஆகவே வெளியேறக்கூடிய உயரத்தில் உள்ள அறைகளில், ஒரு ஜன்னலிலாவது உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் பகுதி இருக்க வேண்டும். பூட்டுப் போட்டுச் சாவியை அலமாரியில் வைத்திருப்பவர்கள், புகை சூழ்ந்த இருட்டில் அதை எடுக்க முடியுமா என்று ஒருமுறை கண்ணை மூடித் தேடிப் பார்க்கட்டும். எதைப் பொருத்தினாலும், ஜன்னலடியில் கட்டிலோ நாற்காலியோ கிடந்தால் பாதி வேலை வீண். அதை நகர்த்தச் செலவும் இல்லை.

கண்ணாடியில் தேர்வு சற்றுச் சுலபம். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற நீண்ட துண்டுகளாகும். வெப்பத்தால் பதப்படுத்திய டஃபன்டு கண்ணாடி அதைவிட ஏறத்தாழ 4 மடங்கு வலிமையானது, உடைந்தால் கூர்மை குறைந்த சிறு மணிகளாகச் சிதறும். ஆனால் பதப்படுத்தியபின் வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால் அளவைத் தவறாமல் எடுக்க வேண்டும். லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் நடுவிலுள்ள பிளாஸ்டிக் படலத்தில் ஒட்டியபடி நிற்கும். ஓடிவந்து மோதக்கூடிய கதவுக்கு டஃபன்டு போதும். மாடியில், உடைந்தால் ஆளே வெளியே விழக்கூடிய இடத்தில் மணிமணியாகச் சிதறிப் பயனில்லை, அங்கே லேமினேட்டட்தான் சரி. இருக்கும் கண்ணாடியை மாற்ற இயலாதவர்கள் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டலாம். கண்ணாடி இருப்பதே தெரியாமல் மோதுவதைத் தடுக்க, பெரியவர், குழந்தை இருவரின் கண்மட்டத்திலும் பட்டையோ படமோ ஒட்ட வேண்டும்.

கடைசியாகக் குளியலறைத் தாழ்ப்பாள். உள்ளிருந்து இழுத்துப் போடும் இரும்புத் தாழை வெளியிலிருந்து நீக்க வழியில்லை. உள்ளே சிக்கிய குழந்தையை மீட்கக் கதவை உடைக்க வேண்டியிருக்கும். வெளிப்பக்கம் சிறு வெட்டு உள்ள பூட்டை நாணயத்தாலோ திருப்புளியாலோ திறந்துவிடலாம். முதியவர் மயங்கி உள்நோக்கித் திறக்கும் கதவின் மீதே சரிந்து கிடந்தால், அந்தப் பூட்டும் உதவாது. வெளிநோக்கித் திறக்கும் கதவே அங்கு வழிவிடும். கதவை மாற்ற முடியாத வீடுகளில், பூட்டையாவது இன்றே மாற்றி, அதற்குப் பொருந்தும் திருப்புளி ஒன்றை வெளிப்புற நிலையின் மேலேயே எப்போதும் வைத்திருக்கலாம்.