வீடு விற்க போட்டோ ஸ்லைடுஷோ: கடலூரில் எங்களுக்கு நேர்ந்தது

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை விற்பதற்காக, போட்டோ ஸ்லைடுஷோ செய்து இணையத்தில் விளம்பரம் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் சென்ற ஜூன் மாதம் 2,500 ரூபாய் கட்டினேன். தொகை பெரிதன்று. ஆனால் எங்கள் வீட்டைக் காட்டி வேறு மனைகளை விற்க முயன்றிருக்கிறார்கள் என்று தெரிந்த பின், இதை எழுதாமலிருப்பது சரியல்ல என்று தோன்றியது. புகார் விசாரணையில் இருப்பதால் அவருடைய பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் எழுதவில்லை.

அப்பா காலமான பிறகு அம்மா மஞ்சக்குப்பத்தில் எங்களோடு இருக்கிறார். தம்பி ஓசூரில் வேலை பார்க்கிறான். ஒரு கிரவுண்ட் மனையில் உள்ள அந்த ஓட்டு வீடு பூட்டியே கிடந்தது. தெரிந்த தரகர் விலையில் இரண்டு சதவீதம் கேட்டார். சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை செய்துகொண்டு சொந்த ஊரில் வீடு தேடுகிறவர்கள் நேரில் வருவதற்கு முன் படங்களைத்தான் பார்க்கிறார்கள். பதினைந்து படங்களை நான்கு நான்கு விநாடி ஓடவிட்டால் ஒரே நிமிடத்தில் வாசல் முதல் கிணற்றடி வரை காட்டிவிடலாம். குறைந்த செலவில் இதைவிட நல்ல வழி இல்லை என்று அப்போது நினைத்தேன், இப்போதும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

புதுச்சேரியிலிருந்து வந்த அவர் படங்களை நன்றாகவே எடுத்தார். காலை வெயில் திண்ணையில் விழும் நேரம் பார்த்து வந்தார், அறைகளை அகல லென்ஸில் எடுத்தார். அகல லென்ஸில் பத்தடி அறை பதினைந்தடி போலத் தெரியும் என்பதால், ஒவ்வொரு அறையின் அளவையும் படத்தின் மேல் எழுதச் சொன்னேன். 2015 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது என்பதையும், சமையலறைக் கூரையில் ஒழுக்கு இருப்பதையும் குறிப்பிட வேண்டும் என்றேன். வாங்குகிறவர் பின்னால் தெரிந்துகொண்டு மனம் நோவதைவிட முன்னால் தெரிந்துகொள்வது நல்லது என்று அம்மாவும் சொல்லியிருந்தார். படம் எடுக்க வந்தவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். கூடவே, சரிபார்ப்புக்கு என்று பத்திர நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான்கு நாட்களில் வாட்ஸ்அப்பில் ஸ்லைடுஷோ வந்தது. நான் சொன்ன குறிப்புகள் எல்லாம் இருந்தன. கடைசிப் படத்தில் என் கைபேசி எண் பெரிய எழுத்தில் இருந்தது. மனநிறைவோடு மீதிப் பணத்தையும் அனுப்பினேன். அதன் பிறகு ஐந்து வாரங்கள் ஓர் அழைப்புகூட வரவில்லை. ஆடி மாதம், அதனால் யாரும் வீடு பார்க்க வரமாட்டார்கள் என்று அவர் சொன்னதை நம்பினேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் கூட்டிப் பெருக்குவதற்காகப் போயிருந்தபோது, வயதான கணவனும் மனைவியும் கையில் கைபேசியுடன் வாசலை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார்கள். அவர் நெய்வேலியில் என்.எல்.சி.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "வீடு வித்துப் போச்சுன்னு சொல்லிட்டாங்க தம்பி. படத்துல பார்த்ததுலருந்து இவளுக்கு இந்தத் திண்ணை மேலயே மனசு. வெளியில நின்னாவது பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றார். வீடு விற்கப்படவே இல்லை என்று சொன்னதும் அந்த அம்மாள் என் முகத்தையும் தம் கணவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவர்கள் கைபேசியில் இருந்தது வேறொரு ஸ்லைடுஷோ. படங்கள் எங்கள் வீட்டினுடையவை, ஆனால் அறை அளவுகளும் வெள்ளக் குறிப்பும் நீக்கப்பட்டிருந்தன. நடுவே தேவனாம்பட்டினம் கடற்கரைப் படம் ஒன்றைச் செருகி, மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தெரிவது என்பது போலக் காட்டியிருந்தார்கள். எங்கள் ஓட்டு வீட்டுக்கு மொட்டைமாடியே கிடையாது. நாங்கள் 60 லட்சம் சொல்லியிருக்க, அதில் 42 லட்சம் என்று இருந்தது. கடைசியில் என் எண்ணுக்குப் பதில் படம் எடுத்தவருடைய எண். எனக்குக் காட்ட ஒன்று, ஊருக்குக் காட்ட ஒன்று என இரண்டு செய்திருக்கிறார். மலிவு விலையைப் பார்த்து அழைப்பவர்களிடம் அது விற்றுவிட்டது என்று சொல்லி, புதுச்சேரி சாலைப் பக்கம் உள்ள ஒரு மனைப்பிரிவுக்கு அழைத்துப் போய் டோக்கன் அட்வான்ஸ் 10,000 கேட்கிறார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்து விற்பவர்கள் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்று, அந்த எண்ணை விளம்பரத்தில் போட வேண்டும். அவர்கள் காட்டிய மனைத் துண்டறிக்கையில் அப்படி எந்த எண்ணும் இல்லை. நல்லவேளையாக அந்தப் பெரியவர் இன்னும் பணம் கொடுத்திருக்கவில்லை.

அன்று மாலை என் அத்தை மகன் வாங்குபவர் போல அந்த எண்ணுக்குப் பேசினார்; அதே பதில் கிடைத்தது. மறுநாள் படம் எடுத்தவரிடமே நான் நேரடியாகக் கேட்டபோது முதலில் மறுத்தார், பிறகு நீக்குவதற்குத் தனியாக 1,000 ரூபாய் ஆகும் என்றார். காணொளி அவருடைய யூடியூப் சேனலில் ஏற்றப்பட்டிருந்ததால் அதைத் திருத்தவோ நீக்கவோ என்னால் முடியவில்லை. ஆனால் அதில் இருந்த ஆறு படங்கள் நான் எடுத்து அனுப்பியவை. அவற்றின் அசல்கள் என்னிடம் இருந்ததால் யூடியூபுக்கே பதிப்புரிமைப் புகார் அனுப்பினேன், சில நாட்களில் நீக்கினார்கள். அவர் எடுத்த படங்களைப் பொறுத்தவரையிலும், வேறு உடன்பாடு இல்லையென்றால் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது என்பதைப் பின்னர் ஒரு வழக்கறிஞர் மூலம் அறிந்தேன். ஆகவே கையொப்பமிடும் தாளிலோ ரசீதிலோ "படங்களின் உரிமை எங்களுடையது" என்று ஒரு வரி இருக்கிறதா என்று கவனமாகப் பாருங்கள்.

ஆள் புதுச்சேரி, வீடு கடலூர் என்பதால் புதுச்சேரிக்குப் போய்த்தான் வழக்குப் போட வேண்டும் என்று பலர் சொன்னார்கள். அது உண்மையன்று. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. கடலூரில் கொடுத்திருக்கிறேன். இணைய மோசடி என்ற வகையில், இணையக் குற்றப் புகார்களுக்கான 1930 எண்ணிலும் பதிவு செய்தேன். என்னை இப்போதும் உறுத்துவது அந்தப் பத்திர நகல்தான். படம் எடுப்பவருக்கு அது எதற்கு என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். மாதம் ஒருமுறை பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்த்துவருகிறேன். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிச் செய்யக் கொடுக்க நினைப்பவர்கள், காணொளியை உங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே ஏற்றுங்கள். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. உங்கள் எண்ணைக் கடைசிப் படத்தில் மட்டும் போடாமல் ஒவ்வொரு படத்தின் மேலும், முகப்பின் நடுவில் வெட்டியெடுக்க முடியாத இடத்தில் போடுங்கள். விளம்பரம் வெளியான மறுநாளே உறவினர் ஒருவரை வேறு கைபேசியில் தேடச் சொல்லி, அதில் உள்ள எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். எங்களுக்கு ஐந்து வாரங்கள் வீணானது அந்த ஒன்றைச் செய்யாததால்தான். அசல் படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்கி வையுங்கள், சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்.

தம்பி மகள் கைபேசியிலேயே புதிய ஸ்லைடுஷோ செய்து தந்திருக்கிறாள், செலவு ஏதுமில்லை. பழையது வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. திண்ணையும் கிணறும் உள்ள ஓட்டு வீடு, கடற்கரைக் காட்சி, 42 லட்சம் என்று வந்தால் அந்த எண்ணுக்குப் பேசாதீர்கள், டோக்கன் என்று பணம் அனுப்பாதீர்கள். அந்த வீடு இன்னும் விற்கவில்லை, அதன் விலையும் அது அன்று.