மங்கு விழுந்த முகத்துக்கு நான் வாங்கியவை, நிறுத்தியவை

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதம் முடிகிற சமயத்தில் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. முதலில் வெயிலில் கருத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போய் வருகிறேன், மதுரையில் மாசி பிறந்தாலே வெயில் ஏற ஆரம்பித்துவிடும். ஆனால் இது வெயில் கருப்பு மாதிரி முகம் முழுக்கப் பரவாமல் மூக்குக்கு இரண்டு பக்கமும் திட்டாக நின்றது, மேலுதட்டுக்கு மேலே மீசை நிழல் மாதிரி ஒரு கோடு வேறு. சரி, செக்கப்புக்குப் போகும்போது டாக்டரம்மாவிடம் கேட்டேன். கர்ப்பத்தில் ஏறுகிற ஹார்மோன்கள் தோலில் நிறமியைத் தூண்டிவிடும், அதன் மேல் வெயிலும் பட்டால் திட்டு இன்னும் அடர்ந்துகொண்டே போகும், பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் தானாகவே மங்கிவிடும், சிலருக்குக் கொஞ்சம் தங்கும், இப்போதைக்கு வெளுக்க வைக்க எதையும் தடவாதே, கூடாமல் பார்த்துக்கொள், அது போதும் என்றார்.

அன்று சாயங்காலம் என் மேக்கப் பையையும் குளியலறை அலமாரியையும் கட்டிலில் கொட்டி ஒவ்வொரு டியூபின் பின்பக்கத்தையும் படித்தேன். இத்தனை வருஷமாக முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறேன். இரவில் போடுகிற க்ரீமில் ரெட்டினால் இருந்தது. பருவுக்கு வைத்திருந்த ஜெல் அடாபலீன், அதுவும் ரெட்டினாலைப் போலவே வைட்டமின் ஏ வழி வந்த ரெட்டினாய்டு குடும்பம்தான். இந்தக் குடும்பத்தில் ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை வயிற்றில் இருக்கிற குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகளை உண்டாக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். தோலில் தடவுகிறவை உடம்புக்குள் போவது மிகக் குறைவு, ஆனாலும் அதே குடும்பம் என்பதால் கர்ப்பத்தில் வேண்டாம் என்றே டாக்டர்கள் சொல்கிறார்கள். இரண்டையும் அன்றே தனியாக எடுத்து வைத்துவிட்டேன். நீங்களும் பார்க்கும்போது ரெட்டினால் என்ற பெயரை மட்டும் தேடாதீர்கள். ரெட்டினைல் பால்மிட்டேட், ரெட்டினால்டிஹைடு என்று வேறு பெயர்களிலும் வரும், சில ஃபவுண்டேஷன்களிலும் லிப் பாம்களிலும்கூட இருக்கிறது.

அடுத்த வாரம் சித்தி ஒரு க்ரீம் வாங்கி வந்தார். "மெடிக்கல்ல கேட்டேன் கண்ணு, மங்குக்கு இதுதானாம், பத்து நாள்ல போயிருமாம்" என்றார். ஆசையாகத்தான் வாங்கி வந்தார், அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு, மூன்றும் ஒன்றாக! தோலை வெளுக்க வைக்கிற ஹைட்ரோகுவினோன் தோலில் தடவினாலே 35 முதல் 45 சதவீதம் வரை உடம்புக்குள் போகும், அதனால்தான் கர்ப்பத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள். ட்ரெட்டினாயின் நான் ஏற்கெனவே நிறுத்திய குடும்பம். ஸ்டீராய்டோ மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோலை மெலிய வைத்து, நிறுத்தியதும் சிவந்து எரிய வைக்கும். மருந்துச்சீட்டோடு மட்டும் கொடுக்க வேண்டிய இந்த க்ரீமை ஒரு கர்ப்பிணிக்கு என்று சொல்லிக் கேட்டவருக்கு அந்தக் கடையில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. மங்குக்கு நல்ல க்ரீம் என்று யாராவது கையில் எதையாவது திணித்தால் தயவுசெய்து உங்கள் டாக்டரிடம் காட்டாமல் மூடியைக்கூடத் திறக்காதீர்கள்.

பெயர் தெரியாத வெளுப்பு க்ரீம்கள் இதைவிட மோசம். 2023இல் கேரளாவில் மலப்புரம் பக்கம் இப்படிப்பட்ட க்ரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை அங்குள்ள டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். காரணம் அதில் இருந்த பாதரசம். பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகக்கூடியது. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், சேர்மானப் பட்டியல், இவை நான்கும் இல்லாத டப்பாவை நான் இனி தொடுவதாக இல்லை.

சரி, நான் வாங்கியதற்கு வருகிறேன். முதலாவது, இன்றுவரை தினமும் போடுவது, ரீஎக்வில் ஷியர் ஜிங்க் டின்டட் (நிறம் சேர்த்த) மினரல் சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப் 50. ஆன்லைனில் 600 சொச்சத்துக்கு வாங்கினேன். ஏன் மினரல் சன்ஸ்கிரீன் என்றால், ஜிங்க் ஆக்ஸைடும் டைட்டானியம் டை ஆக்ஸைடும் பெரும்பாலும் தோலின் மேலேயே நின்றுவிடும். 2019இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ ஒரு சிறிய ஆய்வில், மற்ற சன்ஸ்கிரீன்களில் வெயிலைத் தடுக்கச் சேர்க்கிற ஆக்ஸிபென்சோன் உள்ளிட்ட சில ரசாயனங்கள் ரத்தத்தில் கலப்பதைக் காட்டியது. கலப்பதாலேயே கெடுதல் என்று அர்த்தமில்லை, அந்த ஆய்வைச் செய்தவர்களே சன்ஸ்கிரீனை நிறுத்தாதீர்கள் என்றுதான் சொன்னார்கள், இருந்தாலும் இந்த ஒன்பது மாதத்துக்கு எனக்கு மினரல்தான் மனசுக்கு நிம்மதி. ஏன் டின்டட் என்றால், மங்கு கூடுவது புற ஊதாக் கதிரால் மட்டும் இல்லை, நம் கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சத்தாலும் கூடும். நிறமில்லாத சன்ஸ்கிரீன்கள் அந்த வெளிச்சத்தைச் சரியாகத் தடுப்பதில்லை. நிறத்துக்காகச் சேர்க்கிற இரும்பு ஆக்ஸைடுதான் அதைத் தடுக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நிறம் அழகுக்கு என்று எனக்குத் தோன்றவில்லை, அதுவும் மருந்து மாதிரிதான்.

எப்படி இருக்கிறது? கெட்டியாக வருகிறது, ஒரே தடவையில் இரண்டு விரல் நீளம் எடுத்துத் தேய்த்தால் எந்த ஜிங்க் சன்ஸ்கிரீனும் மாநிறத் தோலில் திட்டுத்திட்டாகத்தான் நிற்கும். அதனால் ஒரு விரல் அளவு எடுத்துப் புள்ளி புள்ளியாக வைத்துத் தட்டித் தட்டிப் பரப்பிவிட்டு, பல் தேய்த்து வருகிற நேரம் காயவிட்டு, அப்புறம் இரண்டாவது விரல் அளவு. கழுத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். இப்படிப் போட்டால் என் நிறத்தில் நன்றாகவே சேர்ந்துவிடுகிறது, பாதி மங்கு அதிலேயே மறைந்துவிடுகிறது, ஃபவுண்டேஷன் தேவைப்படவில்லை. வாசனை வரவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயம், அந்த மாதங்களில் சோப்பு டப்பாவைத் திறந்தாலே குமட்டும். மத்தியானம் ஆபீஸில் முகத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை போட்டுக்கொள்கிறேன், ஸ்கூட்டியில் போகும்போது அதன் மேல் துப்பட்டாவும் கட்டிக்கொள்கிறேன். மூன்று மாதமாகிறது, மங்கு குறையவில்லை, ஆனால் கூடவும் இல்லை. டாக்டரம்மா சொன்னதும் அதுதானே.

விசேஷ நாளுக்கு மட்டும் திட்டின் நிறத்தைச் சமன்செய்கிற கரெக்டரும், அதன் மேல் தோல் நிறத்தில் மறைக்கிற கன்சீலரும். மங்கின் மேல் நேரடியாகக் கன்சீலர் போட்டால் சாம்பல் பூத்த மாதிரி தெரியும், நான் ஒரு வாரம் இதோடு மல்லுக்கட்டி, டியூபில் பாதியைக் காலி செய்திருக்கிறேன். அடியில் இருக்கிற நீலம் கலந்த பழுப்பை ஆரஞ்சுதான் சமன்செய்யும். வெளுத்த தோல் என்றால் பீச், நம்மைப் போல மாநிறத்துக்கும் அதற்கு மேல் கருப்புக்கும் நல்ல ஆரஞ்சு. கடுகளவு எடுத்துத் திட்டின் மேல் மட்டும் மோதிர விரலால் ஒற்ற வேண்டும், தேய்த்தால் அடியில் இருக்கிற சன்ஸ்கிரீன் கலைந்துவிடும். அதன் மேல் மேபெலின் ஃபிட் மீ கன்சீலர் மெல்லிசாக. 6.8 மில்லி சின்ன டியூப்தான், ஆனால் துளி போதும் என்பதால் நாளாக வருகிறது. கன்சீலர் நிறத்தை மணிக்கட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், கழுத்தில் வைத்துப் பாருங்கள், வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பாருங்கள். எதைப் புதிதாக வாங்கினாலும் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். முன்பு ஒத்துக்கொண்டது எல்லாம் கர்ப்பத்தில் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. நான் இரண்டு வருஷமாகப் போட்ட ஒரு காம்பாக்ட் ஐந்தாம் மாதத்தில் தாடையெல்லாம் அரிக்க வைத்தது.

லிப்ஸ்டிக்கில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வாசனை இல்லாததாகப் பார்த்து ஒரு செம்மண் நிறம் வாங்கினேன், சாப்பிடுவதற்கு முன்னால் துடைத்துவிடுகிறேன். கண்மை விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஊரிலிருந்து வருகிற சுர்மா, பெயரில்லாத டப்பா மை இவற்றில் ஈயம் இருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, ஈயமும் குழந்தை வரை போகும். குழந்தைக்கும் இதையே வைத்துவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, பிறந்ததும் வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

பருவுக்கு டாக்டரம்மாவே எழுதிக் கொடுத்தது அசிடெர்ம் 10 சதவீதம். அசெலாயிக் ஆசிட், கர்ப்பத்தில் போடலாம் என்று பொதுவாகச் சொல்கிற சிலவற்றில் ஒன்று, மங்குக்கும் கொஞ்சம் கேட்கும். முதல் வாரம் சுருக்கென்று அரிப்பு இருந்தது, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டதும் அடங்கிவிட்டது. முகம் கழுவ சீட்டாஃபில் ஜென்டில் கிளென்சர், நுரையே வராது, ஆனால் சன்ஸ்கிரீன் முழுதாகப் போக முதலில் தேங்காய் எண்ணெயில் துடைத்துவிட்டுத்தான் கழுவுகிறேன்.

இனி வளைகாப்பு. பங்குனியில், ஏழாம் மாதம். வீட்டுக்கே வந்து போடுகிற ஒரு பார்லர் அக்காவை 4,000 ரூபாய்க்குப் பேசியிருந்தோம். கை நல்ல கை, கொண்டையும் பூவும் கருப்புப் புடவை மடிப்பும் அவ்வளவு நேர்த்தி, ஐந்து மணி நேரம் அசையவில்லை. என் சன்ஸ்கிரீன், கரெக்டர், கன்சீலரைத்தான் போட வேண்டும் என்றேன், முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் பிரஷ்கள் எல்லாம் முந்தின கல்யாணத்துப் பவுடரோடு அப்படியே இருந்தன, கேட்ட பிறகுதான் ஸ்பிரிட்டில் துடைத்தார். நீங்கள் யாரைக் கூப்பிட்டாலும் பிரஷும் பஞ்சும் உங்களுடையதைக் கொடுத்துவிடுங்கள்.

முதல் நாள் மருதாணிக்கு வந்தவர் கருப்புக் கோன் எடுத்தார், அரை மணியில் சிவக்கும் என்றார். மருதாணி இலை அப்படிச் சிவக்காது, அதற்கு மணிக்கணக்கில் ஊற வேண்டும். கருப்பாகச் சீக்கிரம் பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் தலைச்சாயத்தில் போடுகிற பி.பி.டி கலந்திருக்கும், அது தோலில் கொப்புளம் கிளப்பும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தலைச்சாயமும் சேராது. வேண்டாம் என்று சொல்லி, அம்மா பக்கத்து வீட்டு மரத்தில் பறித்து வந்து கொட்டைப்பாக்கு வைத்து அரைத்த இலையைத்தான் வைத்தோம். விடிய விடிய வைத்திருந்து காலையில் பார்த்தால் நல்ல செம்மண் சிவப்பு, அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

வளைகாப்பு மேக்கப்புக்கு யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. வருகிற அத்தைகள், அண்ணிகள், பக்கத்து வீட்டு அக்காக்கள் ஒவ்வொருவரும் கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் போட்டு, அட்சதை போடுவார்கள். இருபது பேர் சந்தனம் பூசின கன்னத்தில் எந்த ஃபவுண்டேஷனும் நிற்காது, காயக் காயப் பாளமாக உரியும். அதனால் கன்னத்தில் சன்ஸ்கிரீனும் துளி கன்சீலரும் மட்டும் வைத்துவிட்டு, கண்ணுக்கும் உதட்டுக்கும் தலைக்கும் நேரம் கொடுக்கச் சொன்னேன். சந்தனத்தை உரிக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்ததும் அடியில் முகம் அப்படியே இருந்தது, ஃபோட்டோ எல்லாம் அதற்குப் பிறகுதான் எடுத்தோம். ஃபோட்டோவில் மங்கு லேசாகத் தெரிகிறது. கைபேசியில் அழிக்கட்டுமா என்று தங்கை கேட்டாள், வேண்டாம் என்றேன். என் பிள்ளை வயிற்றில் இருந்தபோது என் முகம் இப்படித்தான் இருந்தது.

இப்போது எட்டாம் மாதம். ஆஸ்பத்திரிப் பையில் சன்ஸ்கிரீன், வாசனை இல்லாத லிப் பாம், சின்ன கிளென்சர் பாட்டில், அவ்வளவுதான் போட்டிருக்கிறேன். வளைகாப்புக்குப் போட்ட அரக்கு நெயில் பாலிஷை நேற்று எடுத்துவிட்டேன், பிரசவ நேரத்தில் ஆக்ஸிஜன் பார்க்க விரலில் கிளிப் மாட்டுவார்களாம், நகம் வெறுமையாக இருந்தால் அளவு சரியாகத் தெரியும் என்று நர்ஸ் அக்கா சொன்னார். மருதாணி மட்டும் நகத்தில் இன்னும் பாதி இருக்கிறது, அதையும் அவரிடம் காட்டிக் கேட்டேன். கால் விரலில் மாட்டிக்கொள்ளலாம், கவலைப்படாதே என்றார்.