நிண்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5: சிறுவருக்கும் பெரியவருக்கும் பொருந்துவது எது?

சிறு குழந்தையும் பெரியவரும் சேர்ந்து விளையாடுவதற்கு, 2017-இல் வெளிவந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் என்னும் வீடியோ கேம் சாதனத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். அதனுடன் வரும், ஜாய்-கான் எனப்படும் இரண்டு சிறு கன்ட்ரோலர்களும் (கையில் பிடித்து விளையாட்டை இயக்கும் கருவிகள்) தனித்தனியே ஏறத்தாழ 50 கிராம் எடையே கொண்டவை என்பதால் பிஞ்சுக் கைகளுக்கு அடங்குகின்றன; மேலும், மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்னும் வண்டிப் பந்தய விளையாட்டில் வண்டி பாதையை விட்டு விலகாமல் காக்கும் வசதி இருப்பதால், சின்னஞ்சிறு குழந்தையும் பெற்றோருடன் மனம் தளராமல் போட்டியிட முடிகிறது. (ஸ்விட்ச் லைட் என்னும் சிறிய வகையில் கன்ட்ரோலர்களைக் கழற்ற இயலாது என்பதை வாங்குமுன் கவனிக்க வேண்டும்.)

2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5, காட்சித் துல்லியத்திலும், விசையின் இறுக்கம் விளையாட்டுக்கேற்ப மாறும் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரிலும் பெரியவர்களுக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது. ஆனால் அந்தக் கன்ட்ரோலர் சுமார் 280 கிராம் எடையுள்ளது. வழக்கமான பெட்டியில் ஒன்றுதான் இருக்கும், இரண்டாவதைத் தனியாக வாங்க வேண்டும். வயதுக் கட்டுப்பாட்டை இரண்டிலும் அமைக்கலாம்.