தம்புச் செட்டித் தெரு வக்கீல் அலுவலகம்: உயில் சொத்து வழக்குக்காகப் போன அனுபவம்

புரசைவாக்கத்தில் என் அத்தைக்கு ஒரு வீடு. பிள்ளை இல்லாதவர். காலமான என் அண்ணனின் மூன்று பிள்ளைகளுக்கு அதை எழுதிவைத்து, உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என்னிடம் விட்டுப்போனார். 2018-ல் அவர் இறந்த அடுத்த மாதமே பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் சந்தில் மூன்றடியை வளைத்துச் சுவர் எழுப்பிவிட்டார்.

முதலில் பார்த்த வக்கீல், மூன்று பிள்ளைகளும் வாதியாகச் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும் என்றார். பெரியவன் டொரண்டோவில் இருக்கிறான், அவனிடம் பவர் வாங்க வேண்டும். சின்னவளுக்கு 14 வயது, அவளுக்குக் கார்டியன் காட்ட வேண்டும். அந்த அலைச்சலில் எட்டு மாதம் ஓடியது. அதற்குள் சுவர்மேல் தகரக் கூரையும் ஏறிவிட்டது.

அப்புறம்தான் தெரிந்தவர் சொல்லி இந்த அலுவலகத்துக்குப் போனேன். ஹைகோர்ட்டுக்கு எதிரே, இரண்டாம் மாடி. வக்கீல் உயிலை இரண்டு முறை முழுதாகப் படித்தார். பிறகு சிவில் நடைமுறைச் சட்டத்தை எடுத்து, 31-ஆம் கட்டளையின் முதல் விதிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு என் பக்கம் திருப்பினார். சொத்து, உயிலை நிறைவேற்றுபவர் வசமோ அறங்காவலர் வசமோ இருந்து, தகராறு வெளியாளோடு என்றால், பயனாளிகளுக்காக அவரே நிற்பார்; பொதுவாக அவர்களைத் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. தேவை என்று பட்டால் கோர்ட் சேர்க்கச் சொல்லலாம். "பிள்ளைங்களுக்குள்ளயோ உங்களோடயோ தகராறுன்னா இந்த விதி போதாதும்மா. அப்படி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சொத்து உங்க கையில இருக்கு, ஆனா உங்களுது இல்ல. ஒவ்வொரு வாய்தாவும் என்ன நடந்ததுன்னு அவங்களுக்கு எழுதிடுங்க" என்றார். அந்தச் சொல் எனக்குள் அப்படியே இறங்கியது. இன்றுவரை எழுதுகிறேன்.

சென்னைச் சொத்து என்பதால் அப்போதைய சட்டப்படி புரோபேட், அதாவது உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று, கட்டாயம். வழக்கை முதலில் போட்டுவிடலாம், தீர்ப்புக்கு முன் புரோபேட் கையில் இருக்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினார். உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பெரியவர் நடக்க முடியாதவர். ஜூனியர் பெண்ணே அவர் வீட்டுக்குப் போய்ப் பிரமாணப் பத்திரத்துக்கு ஏற்பாடு செய்தார்.

எதிர்த்தரப்பு, பயனாளிகளைச் சேர்க்காததால் வழக்கே செல்லாது என்றது. எங்கள் வக்கீல் அதே விதியை வாசித்தார், நீதிபதி ஏற்றுக்கொண்டார். மேற்கொண்டு கட்டக் கூடாது என்று தடையும் கிடைத்தது. விசாரணை இன்னும் நடக்கிறது.

குறை என்றால், குமாஸ்தா போனை எடுப்பதே அபூர்வம், நேரில்தான் போக வேண்டும். படியும் செங்குத்து, முட்டிவலிக்காரர்களுக்குச் சிரமம். பீஸ் குறைவில்லை, ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. பிள்ளைகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய எனக்கு அது பெரிய உதவி.

போகிறவர்கள் மூல உயிலையே எடுத்துப் போங்கள். ஜெராக்ஸை வைத்து அவர் பேச்சே தொடங்குவதில்லை.