மாடல் ரயில் லேஅவுட் கட்டித் தர்றேன்னு ஆர்டர் எடுக்கிறவங்ககிட்ட பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி பலகையோட அடிப்பக்கத்தை பாருங்க

மாடல் ரயில் லேஅவுட் (பலகை மேல தண்டவாளம், மலை எல்லாம் வச்ச குட்டி ரயில் அமைப்பு) ரெடிமேடா கட்டித் தர்றேன், நீங்க பிளக்கை சொருகினா போதும் ரயில் ஓடும்னு சொல்லி ஆர்டர் எடுக்கிற ஒருத்தர் என்னை ஏமாத்திட்டாரு. பேரு போடப் போறதில்ல, ஆனா என்ன பண்ணாரு எப்படி மறைச்சாருன்னு முழுசா எழுதுறேன், ஏன்னா இதே மாதிரி வேலை பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க. இதுல பணம் போறது ஒரு பக்கம்னா தீப்பிடிக்கிற ஆபத்து இன்னொரு பக்கம் இருக்கு.

நான் கேட்டது N ஸ்கேல், அதாவது நிஜ ரயில்ல 160-ல ஒரு பங்கு அளவு (1:160), தண்டவாள அகலம் 9 மி.மீ. ஆறடிக்கு மூணடி பலகை, வெளிவட்டம் உள்வட்டம்னு ரெண்டு லைன், ஒரு சின்ன யார்டு (ரயில்களை நிறுத்தி வைக்கிற இடம்), ஒரு மலை, அதுக்குள்ள சுரங்கம், ரயில் திரும்பி வர ஒரு ரிவர்ஸ் லூப், எல்லாம் டிசிசி கன்ட்ரோல்ல, அதாவது தண்டவாளம் வழியாவே ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியா டிஜிட்டல் கட்டளை போற முறை. எழுத்துல வாங்கினேன்: எல்லா தண்டவாளமும் நிக்கல் சில்வர், வளைவு எங்கேயும் 11 இன்ச் ரேடியஸுக்கு குறையாது, ஏற்றம் 2 சதவீதத்துக்கு மேல போகாது, ரிவர்ஸ் லூப்புக்கு ஆட்டோ ரிவர்சர் (போலாரிட்டியை தானா மாத்துற டப்பா) மாட்டித் தரப்படும், அதுக்கு தனியா காசும் போட்டிருந்தாரு. பாதிக்கு மேல அட்வான்ஸ், மீதி ஓடுற வீடியோ பார்த்த பிறகு. வீடியோ வந்துச்சு, அழகா ஓடுச்சு, மீதியும் கொடுத்தாச்சு.

அந்த வீடியோவை இப்ப திரும்பப் பார்த்தா எல்லாம் புரியுது. ஒரே ஒரு இன்ஜின், பின்னாடி ரெண்டே பெட்டி, முழு வேகம், சுரங்கத்துக்குள்ள போனதும் காட்சி மாறும், லூப்புக்குள்ள நுழையும் ஆனா வெளிய வர்றது வீடியோலயே இல்ல. ஒவ்வொரு இடத்துலயும் எது கெட்டுப் போயிருக்கோ அது தெரியாத மாதிரி வெட்டி ஒட்டியிருக்காரு, இது அவருக்கு தெரிஞ்சே பண்ண வேலைன்னு நான் சொல்றதுக்கு காரணமே அதுதான்.

வந்ததும் ஒரு இன்ஜின் ஓட்டினா நல்லாத்தான் ஓடுது. மூணு இன்ஜின் வச்சதும் பின்பக்க மூலைக்கு போகும்போதெல்லாம் நொண்டுது, லைட் மங்குது, சவுண்ட் டீகோடர் (சத்தம் எழுப்புற சிப்) இருக்கிற இன்ஜின் அணைஞ்சு அணைஞ்சு எரியுது. மல்டிமீட்டர் வச்சு பார்த்தேன். டிசிசி அலையை சாதா மீட்டர் துல்லியமா காட்டாதுதான், ஆனா ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பார்க்க அது தாராளமா போதும், முன்பக்கத்துல இருக்கிற வோல்டேஜுக்கும் பின்மூலைக்கும் நாலு வோல்ட் குறையுது. பலகையை தூக்கி நிமிர்த்தி அடிப்பக்கம் பார்த்தா மொத்த லேஅவுட்டுக்கும் ரெண்டே ஜோடி ஃபீடர் வயர் (தண்டவாளத்துக்கு கரண்ட் கொண்டு வர்ற வயர்), முன்னாடி ஒண்ணு, லூப்புக்கு ஒண்ணு. மத்ததெல்லாம் தண்டவாளத்தை சேர்க்கிற ஜாய்னர் வழியாவே கரண்ட் போகணும். அந்த ஜாய்னர் வெறும் தகடு, நாளாக ஆக தளர்ந்து கருத்துப் போயிடும், அதை நம்பி கரண்ட் கொடுக்கிறது இந்த வேலை தெரிஞ்ச யாரும் பண்ற காரியம் இல்ல. வயரும் காலிங் பெல்லுக்கு போடுற நூல் வயர்.

இதுல எனக்கு உண்மையாவே பயம் வந்த இடம் காசு டெஸ்ட். ஒரு உலோகக் காசை எடுத்து ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைங்க, ஷார்ட் ஆகி பூஸ்டர் (தண்டவாளத்துக்கு டிசிசி கரண்ட் கொடுக்கிற பெட்டி) உடனே கட் ஆகணும், லேஅவுட்ல எந்த மூலைல வச்சாலும் ஆகணும். என்னோடதுல முன்பக்கத்துல வச்சா கட் ஆச்சு, பின்மூலைல வச்சா ஒண்ணுமே ஆகல, காசு அப்படியே கிடக்குது, கரண்ட் போய்க்கிட்டே இருக்கு, உடனே பிளக்கை பிடுங்கிட்டேன். ஏன் ஆபத்துன்னா, என் பூஸ்டர் 5 ஆம்பியர் தாண்டினா தான் கட் ஆகும். வயரும் ஜாய்னரும் சேர்ந்து 4 ஓம் தடை இருந்தா 15 வோல்ட்டுக்கு 3.75 ஆம்பியர் தான் போகும், பூஸ்டர் இதை ஷார்ட்டுன்னே எடுத்துக்காது, ஏதோ நிறைய ரயில் ஓடுதுன்னு நினைச்சு கொடுத்துக்கிட்டே இருக்கும். அது 56 வாட் சூடு, ஒரு சால்டரிங் அயர்னோட சூடு. ஒரு ரயில் தடம்புரண்டு குறுக்கே விழுந்தா போதும், அந்த சூட்டுல பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகும், பெட்டியோட சக்கரச் சட்டம் உருகும், பக்கத்துல பசை போட்டு ஒட்டின காய்ஞ்ச புல்லும் மரத்தூளும் இருக்கு. குழந்தைங்க விளையாடுற ரூம்ல வைக்கிற பொருள் இது. இதை "டெஸ்ட் பண்ணி அனுப்பினது"ன்னு எழுதிக் கொடுத்திருக்காரு.

ரிவர்ஸ் லூப் கதை இன்னும் மோசம். லூப்ல ரயில் திரும்பி வந்து அதே லைன்ல சேரும்போது வலது தண்டவாளம் இடது கூட மோதி ஷார்ட் ஆகும், அதனால ரெண்டு முனையிலும் ரெண்டு தண்டவாளத்தையும் வெட்டி இடைவெளி விட்டு, நடுவுல இருக்கிற துண்டுக்கு ஆட்டோ ரிவர்சர் வழியா கரண்ட் கொடுக்கணும், ரயில் கடக்கும்போது அது போலாரிட்டியை மாத்திக்கும். இவரு இடைவெளி மட்டும் வெட்டிட்டு ரிவர்சர் மாட்டவே இல்ல, மெயின் வயர்லயே நேரா சேர்த்துட்டாரு. அதனால உள்ள போகும், வெளிய வரும்போது ஷார்ட் ஆகி எல்லாமே நிக்கும். பில்லுல ரிவர்சருக்கு காசு இருக்கு, பலகைக்கு கீழ தேடினா அந்த டப்பாவே கிடையாது.

மலைக்குள்ள கை விட ஒரு வழி கூட வைக்கல. சுரங்கத்துல ரயில் மாட்டினா எடுக்க வழியில்லாத லேஅவுட்டை முதல் முறையா இப்பதான் பார்க்கிறேன். பெட்டிங்க உள்ள போய் கவிழ்ந்துக்கிட்டே இருந்துச்சு, கடைசில மலையை பின்பக்கமா அறுத்துதான் பார்க்க முடிஞ்சுது. உள்ள வளைவு 11 இன்ச் இல்ல, 9¾ இன்ச். நீளமான பயணிகள் பெட்டிங்க அதுல ஒண்ணை ஒண்ணு இழுத்து கவிழ்க்குது. தண்டவாள இணைப்பு ஒண்ணு கோணலா உடைஞ்ச மாதிரி நிக்குது, ஒரு காந்தத்தை வச்சேன், டக்குனு ஒட்டிக்கிச்சு. நிக்கல் சில்வர் காந்தத்துல ஒட்டாது, இது இரும்பு, ஏற்கெனவே செம்புள்ளியா துரு பிடிக்க ஆரம்பிச்சிருந்தது. வெளிய கண்ணுக்கு தெரியற இடத்துல எல்லாம் நல்ல தண்டவாளம், மலைக்குள்ள மட்டும் மட்டமானது.

ஏற்றமும் பொய். ஒரு லைன் மேல இன்னொரு லைன் தாண்டிப் போக 5 செ.மீ உயரம் வேணும்னா 2 சதவீதத்துக்கு 250 செ.மீ நீளம் தேவை, அவரு ஒரு மீட்டர்லயே ஏத்திட்டாரு, அது 5 சதவீதம். எட்டு பெட்டி மாட்டினா சக்கரம் நின்ன இடத்துலயே சுத்துது. வீடியோல ரெண்டே பெட்டி இருந்தது அதனாலதான். யார்டுல ரெண்டு பாயின்ட் (ரயிலை வேற லைனுக்கு திருப்புற இடம்) ஜல்லி ஒட்டின பசையில நாக்கு இறுகிப் போய் நகரவே இல்ல.

கேட்டதுக்கு முதல்ல "தண்டவாளம் அழுக்கா இருக்கும் சார், உப்புத்தாள் போட்டு தேய்ங்க"ன்னாரு. தயவுசெஞ்சு யாரும் அப்படி பண்ணாதீங்க, உப்புத்தாள் போடுற கீறல்ல அழுக்கு இன்னும் சீக்கிரமா சேரும், துணியில ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு துடைச்சா போதும். அப்புறம் "பார்சல்ல ஆட்டம் கண்டிருக்கும் சார்"னாரு. பார்சல் ஆட்டத்துல ரிவர்சர் காணாம போகுமா, தண்டவாளம் இரும்பா மாறுமான்னு அடிப்பக்க போட்டோவோட கேட்டேன், அதோட பதில் நின்னுடுச்சு, நம்பரையும் பிளாக் பண்ணிட்டாரு. அதே வீடியோவை வச்சு இன்னும் ஆர்டர் எடுத்துக்கிட்டுதான் இருக்காரு.

இப்ப நானே திரும்ப வயரிங் போட்டுக்கிட்டு இருக்கேன். தடியான பஸ் வயர் (கரண்டை எல்லா இடத்துக்கும் கொண்டு போற மெயின் வயர்) ஒரு ஜோடி பலகை முழுக்க, அதுலேர்ந்து மூணடிக்கு ஒரு ஜோடி ஃபீடர், ரெசின் ஃப்ளக்ஸ் இருக்கிற சால்டர் மட்டும். பழைய இணைப்புகள்ல பச்சை பூத்திருக்கு, குழாய் வேலைக்கு போடுற ஆசிட் ஃப்ளக்ஸ் போட்டா அப்படித்தான் அரிக்கும், அதனால அத்தனையையும் வெட்டிட்டு புதுசா சால்டர் பண்றேன்.

நீங்க யார்கிட்டயாவது ஆர்டர் கொடுத்திருந்தா மீதிப் பணம் போடுறதுக்கு முன்னாடி வெட்டாத ஒரே வீடியோ கேளுங்க, உங்ககிட்ட இருக்கிறதுலயே நீளமான ரயில் அளவுக்கு பெட்டி மாட்டி, மெதுவான வேகத்துல, சுரங்கத்துக்குள்ள போய் வெளிய வந்து லூப்பை முழுசா சுத்தி திரும்பி வரணும். பின்மூலைல காசு வச்சு பூஸ்டர் கட் ஆகுறதையும் அதே வீடியோல காட்டச் சொல்லுங்க, தண்டவாளத்துல அங்கங்க காந்தம் வச்சும் காட்டச் சொல்லுங்க. அடிப்பக்க போட்டோ தர மாட்டேன், அது என் தொழில் ரகசியம்னு சொன்னா அங்கேயே நிறுத்திடுங்க. ஏற்கெனவே வாங்கி வீட்டுல ஓடிக்கிட்டு இருந்தா இன்னைக்கே காசு டெஸ்ட் பண்ணுங்க, கட் ஆகலைன்னா வயரிங் மாத்துற வரைக்கும் பிளக்கை சொருகாதீங்க.